ஊனுண்ணும் மீனுக்கு ஊண் தேடி

மலர்க்குழுவினர் எம்மிடம் வேண்டியது ஓர் இலக்கியக் கட்டுரை. நெய்தல் திணையை ஆய்ந்து ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவர் யாம். ஆதலின் கடலும் மீனும் பற்றி எழுதுமாறு கேட்டனர். கேட்டது முறையே. ஆயினும் யாம் வாழும் இளம்பிள்ளைக்கும் கடலூர்க் கடற்கரைக்கும் இடையே சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடல் எமக்கு ஏட்டில்தான் உண்டு. மீனோ எம் இல்லத்திலேயே இருக்கின்றது. அதுவும் உயிரோடு, கண்ணாடிக்கு அப்பால் நின்று தனக்குரியதைக் கேட்டுக்கொண்டு. எனவே ஏட்டு மீனை விடுத்து வீட்டு மீனைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால் அம்மீன் உண்ணும் மீனைப் பற்றி, எழுதத் துணிந்தோம். அன்புசால் மாணவச் செல்வங்களும் ஊர்ப் பெரியோரும் இத்துணிவைப் பொறுத்தருள்வார்களாக.

வண்ணமீன் வளர்ப்போரை இரு திறத்தினராகப் பகுக்கலாம். கப்பி, மோலி, பொன்மீன் வளர்ப்போர் முதல் திறத்தினர். கடையில் விற்கும் உருண்டைத் தீனி அவர்களுக்குப் போதும். ஆஸ்கர், அரோவானா, பிளவர்ஹார்ன் முதலிய ஊனுண்ணிகளை வளர்ப்போர் இரண்டாம் திறத்தினர். இவற்றுக்கும் நல்ல உருண்டைத் தீனி உண்டு. இளமையிலேயே பழக்கினால் விரும்பியே உண்ணும். ஆனால் குட்டி மீனைத் துரத்திப் பிடித்துச் சுவை கண்ட ஊனுண்ணி, உருண்டையை வாயில் வாங்கி அப்படியே உமிழ்ந்துவிடும். அந்நிலை எய்திய மீனுக்குச் சந்தைக்குச் சென்று ஊன் வாங்கி வருவதைத் தவிர வேறு வழியில்லை. எம் இல்லத்து ஆஸ்கர் அந்நிலை எய்தியே எம் பொறுப்பில் வந்தது.

அதனை வாங்கியவர் எம் தமையனாரின் மகன். சென்னைக் கொளத்தூரில் வாங்கி வந்தார். (எம் மாவட்டத்தார் கொளத்தூர் என்றவுடன் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூரை நினைப்பர். இது அஃதன்று, வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற தலைநகரக் கொளத்தூர்.) விரல் நீளம் இருந்த குஞ்சு ஈராண்டில் முழங்கை நீளத்தை நெருங்கியது. அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து உலகெங்கும் பரவிய இனம் அது. முழு வளர்ச்சியில் ஓரடி வரை நீளும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். வாங்கும்போது இவ்வாயுளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. படிப்பு முடித்த பிள்ளைக்குச் சார்ஜாவில் வேலை கிடைத்தது. பிள்ளை பறந்தார், மீன் தங்கியது.

தங்கிய மீனைத் தமதாக்கிக்கொண்டவர் எம் தந்தையார். அவரை யாம் அத்தா என்றே அழைப்போம். ஈண்டும் அவ்வாறே குறிப்போம். நாற்பதாண்டுக் காலம் விசைத்தறி நடத்தியவர். இளம்பிள்ளைச் சேலை எந்தெந்த ஊருக்குப் போகின்றது என்று கேட்டால் ஊர்ப்பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கியவர். பாவு நூலை இரு விரலிடை உருட்டியே அதன் தரத்தைச் சொல்வார். 2019-ஆம் ஆண்டு பக்கவாதம் தாக்கியது. வலக்கை வீழ்ந்தது, பேச்சும் போயிற்று. தறியோசை எட்டாத பின்னறையில் அவரது கட்டிலுக்கு எதிரே அந்தத் தொட்டி இருந்தது. முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் இடக்கையை நீட்டித் தீனித் தட்டைக் கேட்டார். அன்று தொட்டு அம்மீனுக்கு உணவிடுவது அவரது பணியாயிற்று. மருத்துவர் சொன்ன கைப்பயிற்சிகளைச் செய்ய மறுத்தவர், மீனுக்காக இடக்கையால் இறாலைப் பற்றி, நீர்மேல் நிறுத்தி, அது எழும்பிக் கவ்வும் கணம் பார்த்து விடுவதைக் கற்றுக்கொண்டார்.

ஆதலின் அம்மீன் நலமாயிருப்பது எம் இல்லத்தில் பொழுதுபோக்கைச் சார்ந்த செய்தி அன்று. தமையன் மகன் விட்டுச் சென்ற பழக்கப்படி, கடையில் வாங்கிய சிறு பொன்மீன்களைச் சில வாரம் இரையாக விட்டு வந்தனர். அவற்றுள் ஏதோ ஒன்றின் வழியே வெண்புள்ளி நோய் தொட்டிக்குள் புகுந்தது. ஆஸ்கரின் உடலெங்கும் உப்புத் தூவியது போன்ற புள்ளிகள். உணவை ஏறிட்டும் பார்க்கவில்லை. அத்தாவும் தம் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். நீரின் வெப்பத்தை 30 பாகைக்கு உயர்த்தியும், உப்பிட்டும், நீரை மாற்றியும் இரு வாரத்தில் மீட்டோம். அந்த இரு வாரமும் எம் அன்னையார் பட்ட பாட்டை ஈண்டு விரிக்கவில்லை. மீன் தேறியதும் அதன் உணவுப் பொறுப்பை யாமே ஏற்றோம். ஏற்றபின் கற்றவையே இனி வருவன.

உயிருள்ள இரைமீன் இயற்கைக்கு நெருக்கமானது என்று வாதிடுவோர் உளர். ஆற்றில் அது மெய். கடைத்தொட்டியில் நூறு நூறாக நெருக்கிவைத்து, இரைக்கென்றே மலிவாக விற்கும் மீன் ஆற்று மீனைப் போன்றதன்று. நோயும் ஒட்டுண்ணியும் அந்நெருக்கத்தில்தான் செழிக்கும். இதற்கும் மேலாக இன்னொரு கேடு உண்டு. பொன்மீனிலும் கெண்டை இனத்து மீன்கள் பலவற்றிலும் தயமினேஸ் என்னும் நொதி உள்ளது. அஃது உயிர்ச்சத்து பி1-ஐச் சிதைத்துவிடும். 1930-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து நரிப் பண்ணையொன்றில் பச்சைக் கெண்டை மீனைத் தின்ற நரிகள் கால் இழுத்துச் செத்தன. பண்ணை உரிமையாளரின் பெயரால் அந்நோய் 'சாஸ்டெக் வாதம்' எனப்பட்டது. ஆராய்ந்தபோது வயிறு நிறைய உண்டும் பி1 சத்தின்றி அவை மாண்டமை புலனாயிற்று. பொன்மீனையே நாளும் இரையாகப் பெறும் ஊனுண்ணிக்கும் இதே கதி நேரலாம். உறையவைத்தால் இந்நொதி அழியும் என்று எண்ணுதல் கூடாது. வேகவைத்தாலன்றி அது அழிவதில்லை. ஆகவே ஒரே வகையை ஓயாது கொடாமல் மாற்றி மாற்றிக் கொடுப்பதே காப்பு.

அப்படியாயின் என்ன கொடுப்பது? எம் ஊர் இறைச்சிக் கடைக்காரர் அன்பின் மிகுதியால் மாட்டு இருதயத்தையும் கோழி ஈரலையும் பொட்டலம் கட்டித் தந்தார். மீன் ஆவலோடு உண்ணத்தான் செய்தது. ஆனால் நிலத்து விலங்கின் கொழுப்பு, 26 பாகை நீரில் வாழும் மீனின் உடலுக்குள் உருகாமல் திரளும். எப்போதேனும் ஒரு துண்டு தரலாம். அன்றாட உணவாக்கினால் ஈரல் கொழுத்து மீன் நலியும். சாக்கடையோரம் அள்ளும் செம்புழுவையும் தவிர்த்தோம். நூலுக்குச் சாயமேற்றும் ஊரில் ஓடைச் சேற்றில் என்னென்ன படிந்திருக்கும் என்பதை ஊரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மருந்தடிக்காத தோட்டத்து மண்புழு நல்லுணவு. மழைக்காலத்தில் எளிதாகக் கிடைக்கும். வெட்டுக்கிளியும் நன்றே, பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் பிடித்ததாக இருத்தல் கூடாது. எஞ்சியவை மீனும் இறாலும். எம் ஆஸ்கரின் உணவில் பெரும்பகுதி இவையே.

மீன் வாங்குதல் எம் குடும்பத்தில் அத்தாவின் கலை. ஞாயிறு காலை சூரமங்கலம் மீன் சந்தைக்கு எம்மைச் சிறுவயதில் உடன் அழைத்துச் செல்வார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார். செந்நிறமாயின் மேலே பேசுவார், பழுப்பாயின் பேச்சே இல்லை. கண் குழிந்திருந்தால் நகர்ந்துவிடுவார். வயிற்றில் பெருவிரலை அழுத்துவார். அழுத்திய பள்ளம் மேலெழுந்து நிரம்ப வேண்டும். பாவு நூலை உருட்டிய அதே விரல். ஒரு முறை வணிகர் ஒருவர், "பாய், இன்னிக்குக் காலையில வந்த லோடு" என்றார். அத்தா நகைத்துவிட்டு, "வந்தது இன்னிக்குச் சரிங்க, புடிச்சது என்னைக்கு?" என்று கேட்டார். வணிகரும் நகைத்தார். விடை மட்டும் வரவில்லை.

கடலில்லா ஊரார் அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. தமிழில் 'பச்சை மீன்' என்கின்றோம். பச்சை என்பது உலர்த்தாதது, வேகாதது என்றே பொருள்படும். நேற்றுப் பிடித்தது என்று அச்சொல் எவ்விடத்தும் உறுதி கூறவில்லை. வலையில் சிக்கியது முதல் பனிக்கட்டியில் முறையாகப் புதைத்து வந்த மீன் ஒரு வாரம் கடந்தும் நன்றாயிருக்கும். 30 பாகை வெயிலில் அரை நாள் கிடந்த மீனோ, அன்றே பிடித்ததாயினும் கெட்டதே. படகில் சில நாள், ஏலக்கூடத்தில் சில மணி, லாரியில் ஓரிரவு, தட்டில் ஒரு பகல் என இத்தனையும் கடந்து வருவதைத்தான் நாம் 'பச்சை' என்று வாங்குகின்றோம். இதனிடையே கெடுதலை மறைக்கும் முயற்சிகளும் உண்டு. 2018-ஆம் ஆண்டு கேரள அரசு 'சாகர் ராணி' என்னும் பெயரில் நடத்திய சோதனையில் வாளையாறு, ஆரியங்காவு சாவடிகளில் ஃபார்மலின் கலந்த கடலுணவு ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. பிணத்தைப் பாடம் செய்யும் மருந்து அது. ஈக்கூட மொய்க்காத மீன் எம் கண்ணுக்கு அன்று முதல் ஐயத்துக்குரியதாயிற்று.

உள்நாட்டு மீன்களில் எமக்கு வாய்ப்பு மேட்டூர். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, பாசனத்தோடு மீனையும் எம் வட்டாரத்துக்குத் தந்தது. அங்கிருந்து வரும் ஜிலேபி மீன் ஒரு காலைப் பொழுதுக்குள் எம்மூரை எட்டிவிடும். விலையும் குறைவு, முன்னர்ச் சொன்ன நொதிக் குறையும் அதற்கில்லை. முள்ளை நீக்கித் தசையை மட்டும் எடுத்தால் ஆஸ்கருக்கு மிக ஏற்றது. விரால் கிடைத்தால் அதனினும் நன்று. ஆனால் விராலை மீனுக்கிட எம் இல்லத்தரசி இசைவதில்லை. அவர் பக்கமே நீதி இருக்கின்றது.

கடல் மீனுக்கும் இறாலுக்கும் யாம் உறைந்ததையே நாடத் தொடங்கினோம். இதனைச் சொன்னபோது சக ஆசிரியர் சிலர் முகஞ்சுளித்தனர். 'ஐஸ் மீன்' என்றாலே பழைய மீன் என்பது நம்மவர் எண்ணம். அவ்வெண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பனிக்கட்டியே நமக்குக் கப்பலில் வந்த பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதி ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைப் பிரடெரிக் டியூடர் என்னும் வணிகர் மரத்தூளில் பொதிந்து 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1842-இல் சென்னைக் கடற்கரையில் அதற்கொரு கிடங்கு எழுந்தது. ஐஸ் அவுஸ் என்ற பெயரை அப்பகுதிக்கு ஈந்த கட்டடம் அதுவே. கரைந்துகொண்டேயிருக்கும் பனிக்கட்டிமேல் கிடக்கும் மீனைத்தான் நம் முன்னோர் கண்டனர். விரைந்து உறையவைத்தல் வேறு. கிளாரன்ஸ் பர்ட்சை என்னும் அமெரிக்கர் 1912 முதல் சில ஆண்டு கனடாவின் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்தார். அந்நாட்டுப் பழங்குடியினர் கடுங்குளிரில் பிடித்த மீன் வெளியே எடுத்த நொடியிலேயே உறைவதையும், மாதங்கள் கழித்து இளக்கினாலும் அன்று பிடித்தது போலச் சுவைப்பதையும் கண்டார். காரணம் எளியது. மெல்ல உறையும்போது தசைக்குள் இருக்கும் நீர் பெரிய பெரிய படிகங்களாகித் திசுக்களைக் கிழிக்கும். இளகும்போது சாறெல்லாம் வடிந்துவிடும். விரைந்து உறைந்தால் படிகங்கள் மிகச் சிறியன, தசை குலைவதில்லை. 1920-களில் அவர் அமைத்த எந்திரத்தின் வழிவந்தவையே இன்றைய உறைநிலைச் சாலைகள்.

2009-இல் வனாமி இறால் வளர்ப்புக்கு இந்தியாவில் இசைவு கிடைத்தபின் உறைந்த இறால் ஏற்றுமதி பெருகியது. உள்ளூர்ப் பெருங்கடைகளிலும் பொட்டலங்கள் வந்தன. குளத்திலிருந்து எடுத்த சில மணிக்குள் ஒவ்வொன்றாக உறையவைத்த இறாலுக்கும், எம் ஊர்த் தட்டில் கிடக்கும் 'பச்சை' இறாலுக்கும் இடையே எமக்குத் தேர்வு எளிதாயிற்று. உறையின்மேல் அச்சிட்டதை மட்டும் பொறுமையாகப் படித்தல் வேண்டும். உப்போ, பாஸ்பேட்டோ, மசாலாவோ சேர்த்தது ஆகாது, வேகவைத்ததும் வேண்டா. ஓட்டோடு கூடியதே சிறப்பு. ஓட்டிலுள்ள நிறமிதான் ஆஸ்கரின் செந்நிறத்துக்கு உரமூட்டுவது.

எம் ஆய்வுக் காலத்தில் நெய்தற் பாடல்களில் மீன் உணக்கும் மகளிரையும், கவர வரும் பறவைகளை அவர்கள் ஓட்டுவதையும் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தோம். அது வெறும் பின்னணிக் காட்சி என்றே அன்று தோன்றியது. இன்று தோன்றுவது வேறு. வெயிலும் உப்பும் மீனின் நீரை வெளியேற்றுகின்றன. உறைபெட்டி அந்நீரை உள்ளேயே பூட்டிவைக்கின்றது. இரு வழியிலும் நுண்ணுயிர்க்கு நீர் கிட்டாது. தலைவி பறவையை ஓட்டினாள். யாம் எறும்பையும் பூனையையும் காலத்தையும் ஓட்டுகின்றோம். கருவாட்டை ஊறவைத்துப் போடலாமே என்று ஓர் உறவினர் உரைத்தார். எத்துணை ஊறினும் அதன் உப்பு ஆற்று மீனுக்கு மிகை, வேண்டா என்றோம்.

இல்லத்து உறைபெட்டி சாலைப் பெட்டி போல விரைந்து உறைவிக்காது. ஆகவே ஜிலேபித் தசையை வீட்டில் உறையவைக்கும்போது சிறுசிறு துண்டாக்கி, கழுவி, நீரை நன்கு வடித்து, ஒரு பொழுதுக்கு வேண்டிய அளவை மட்டும் ஓர் உறையில் இட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, அப்பளம் போலத் தட்டையாகப் பரப்பி வைப்போம். தட்டையானது விரைந்து உறையும்; உடைத்தெடுக்கவும் எளிது. காற்றுப் பட்ட இடம் வெளிறி நார் போலாகும். உறைமேல் மீனின் பெயரும் நாளும் எழுதுவது எம் இளைய மகளின் பணி. கையெழுத்துத் திருந்தியது கூடுதல் ஆதாயம். மைனஸ் 18 பாகையில் கொழுப்புக் குறைந்த மீன் ஆறு மாதம் வரை தாங்கும். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மிக்கவை அவ்வளவு தாங்கா. குளிரிலும் கொழுப்பு காற்றோடு கூடிக் கெடும். ஓரம் மஞ்சளித்துச் சிக்கு வாடை வீசும். எம் இல்லத்தில் மத்திக்கு ஆறு வாரமே கெடு. அதன்பின் தென்னை மரத்தடி.

உறைதலால் நுண்ணுயிர் சாவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவை பெரும்பாலும் உறங்குகின்றன, அவ்வளவே. ஒட்டுண்ணிப் புழுக்கள் மடியும். அதற்கும் மைனஸ் 20 பாகையில் 7 நாள் வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் வரையறுத்துள்ளது. உறங்கியவை இளகும்போது விழிக்கும். ஆதலால் முதல் நாள் இரவே வேண்டிய உறையைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவோம். வெந்நீரில் போடுவதில்லை, வெளியே மேசைமேல் வைப்பதில்லை. இளகிய சாற்றைக் கொட்டிவிட்டு, துண்டுகளைக் கழுவி, தொட்டி நீரின் வெப்பத்துக்கு வந்தபின்னரே இடுவோம். அச்சாறு தொட்டியில் விழுந்தால் நீர் கெட்டு, அம்மோனியா பெருகி, மீனின் செவுளைத் தாக்கும். இளகியதில் மிஞ்சியதை மீண்டும் உறையவைத்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

இவையெல்லாம் மின்சாரம் இருக்கும் வரைதான். 2012-ஆம் ஆண்டைத் தறிக்காரர் எவரும் மறந்திலர். மேட்டூரில் மின்சாரம் பிறக்கும். அதனை அடுத்திருந்த எம்மூரில் நாளின் பெரும்பொழுது தறிகள் ஓய்ந்து கிடக்கும். இந்நாளில் அந்நிலை இல்லை. எனினும் பராமரிப்பு நாளும் கோடை மழைக் காற்றும் உண்டு. நிரம்பிய உறைபெட்டி திறவாதிருந்தால் இரு நாள் வரை தாங்கும். பாதி நிரம்பியது ஒரு நாளே. வீட்டில் எவரும் இல்லாதபோது மின்சாரம் போய் வந்ததை அறிய ஓர் எளிய வழியை நண்பர் ஒருவர் கற்பித்தார். கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட வேண்டும். நாணயம் மேலேயே இருந்தால் பழுதில்லை. பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால் இடையில் எல்லாம் இளகி மீண்டும் உறைந்தது என்று பொருள். எத்துணை எளிய சாட்சி!

ஆனால் அந்நாணயம் எம் இல்லத்து வரலாற்றை மட்டுமே சொல்லும். கடையின் வரலாற்றை அது அறியாது. சென்ற ஆண்டு ஒரு கடையில் வாங்கிய இறால் பொட்டலத்தில் நாள் சரியாக இருந்தது, விலையும் சரியே. இளக்கி, கழுவி, தட்டில் வைத்து அத்தாவிடம் தந்தோம். அவர் முதல் துண்டை எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார், தட்டின் ஓரத்தில் வைத்தார். இரண்டாவதையும் அவ்வாறே செய்தார். கை சோர்ந்ததோ என்று எண்ணிய எம் அன்னையார் தாமே எடுத்துப் போட முனைந்தபோது, அத்தா இடக்கையால் தட்டை இறுகப் பற்றிக்கொண்டார். யாம் வாங்கி முகர்ந்தோம். மெல்லிய அம்மோனியா வாடை இருந்தது. சொல்லித் தெரிந்தபின் தெரியும் அளவுக்குத்தான். பொட்டலத்தில் எஞ்சியதை எடுத்துப் பார்த்தோம். தனித்தனியாக உதிர வேண்டிய இறால்கள் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. உறையின் மூலையில் சிவந்த நீர் உறைந்து திரண்டிருந்தது. எங்கோ, எப்போதோ ஒரு முறை முழுதும் இளகி மீண்டும் உறைந்த பொட்டலம். 'புடிச்சது என்னைக்கு' என்ற அதே கேள்வியை அத்தா சொல்லின்றிக் கேட்டுவிட்டார். அன்று முதல் கடையிலேயே பொட்டலத்தைக் குலுக்கிப் பார்த்து, உதிரும் ஓசை கேட்டே வாங்குகின்றோம். வீட்டில் இளகிய எதுவும் அத்தாவின் மூக்கைக் கடந்தே தொட்டிக்குள் செல்லும்.

குளிர்ப்பெட்டியில் இடப்போரும் உண்டு. மீன் தீனியும் மனிதர் உணவும் ஓரிடத்தில் இருத்தலாகாது என்று இல்லத்தரசி உரைத்ததால் மூடியிட்ட தனிப்பெட்டி ஒன்று வந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் அப்பெட்டிக்கு ஆபத்து. குர்பானி இறைச்சி மேல்தட்டு முழுவதையும் ஆளும் அவ்வாரத்துக்கு முன்னரே மீன் உறைகளைக் குறைத்துக்கொண்டு மண்புழுவுக்கு மாறிவிடுவோம். வளர்ந்த ஆஸ்கருக்கு வாரத்தில் நான்கு நாள் உணவு போதும். நாளும் கொடுத்தால் கொழுக்கும், நீரும் கெடும். கெஞ்சுவதில் மட்டும் அதற்கு ஓய்வே இல்லை.

பூனை ஒன்றைக் கட்டிவைத்து, தானும் உணவிடாமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எம் பாட்டியார் சிறுவரிடம் அடிக்கடி கூறுவார். ஆற்றில் இருக்கும் மீன் தன் இரையைத் தானே முகர்ந்து தேர்கின்றது; கெட்டதை விலக்குகின்றது. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் வரும் வாளைக்கு உதிரும் மாம்பழம்கூட வாய்த்தது. கண்ணாடிக்குள் வைத்தபின் அத்தேர்வு முழுதும் வளர்ப்போன் கையில் வந்துவிடுகின்றது. நாம் இடுவதை அது உண்ணும். உண்ண வேறெதுவும் இல்லை.

இப்பொறுப்பின் செலவு தாங்காதோர் செய்வது ஒன்றுண்டு. இரவோடிரவாக ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவர். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்துச் சாலக்குடி ஆற்றில் அமேசானின் அரபைமாவும், வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனான அலிகேட்டர் காரும் வலைகளில் சிக்கின. வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை அவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நீர்நிலைகளில் செய்த கேட்டை மீனவர் அறிவர். அதன் வளர்ப்புத் தடைசெய்யப்பட்ட பின்னும் அது ஒழியவில்லை. காவிரி எமக்கு அண்மையில் ஓடுகின்றது. மழைக்குப் பின் எம் ஏரிகளும் நிறைகின்றன. ஓரடி நீள ஊனுண்ணி ஒன்றை அவற்றில் விடுவது உள்ளூர்க் குஞ்சுகள் அனைத்துக்கும் பகைவிடுவதாகும்.

எம் தொட்டியைக் காண மாணவர் சிலர் இல்லத்துக்கு வருவதுண்டு. ஆஸ்கர் எழும்பிக் கவ்வும் அழகைக் கண்டவுடன் தமக்கும் ஒன்று வேண்டும் என்பர். அவர்களை முதலில் சமையலறைக்கு அழைத்துச் சென்று உறைபெட்டியைத் திறந்து காட்டுகின்றோம். நாள் எழுதிய உறைகள், நாணயக் கிண்ணம், மாதச் செலவு எழுதிய குறிப்பேடு ஆகியவற்றையும் காட்டுகின்றோம். பத்தாண்டு இதனைச் செய்ய இயலுமா என்று கேட்கின்றோம். சென்ற பருவத்தில் வந்தவர் மூவர். இருவர் கப்பி மீன் வாங்கிக்கொண்டனர். மூன்றாமவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றார்.